காம்பைத் தேய்க்காதீர்கள்!

உலகப் போர்க்கால ஜப்பானிய வாள்களை அடையாளம் காண்பதும் காப்பதும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போகிறவர்கள், உப்புவெளி கழிந்து சாம்பல்தீவை அண்டும்போது வீதியோரத்தில் ஒரு போர்க்கல்லறைத் தோட்டத்தைக் காண்பார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கும் இடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயிர்விட்ட மாலுமிகளும் விமானப்படையினரும் சிப்பாய்களும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கடற்கரை விடுதிகளை நோக்கி விரையும் வாகனங்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. ஒருமுறையாவது இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. எண்ணெய்த் தொட்டி ஒன்றில் ஒரு ஜப்பானிய விமானம் மோதி மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற ‘சகாயிங்’ என்ற கப்பலும் தீப்பற்றியது. அதன் உடலை 2018இல்தான் இலங்கைக் கடற்படை நீருக்கு மேலே கொண்டுவந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மீஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கியது.

அத்துடன் நகுமோ திரும்பிப் போய்விட்டார். ஜப்பானியப் படை இலங்கையில் தரையிறங்கவே இல்லை. ஆகவே, இந்தத் தீவில் எங்காவது ஒரு ஜப்பானியப் படைவாள் பெட்டிக்குள்ளோ பரணிலோ கிடக்குமானால், அது இங்கே உருவப்பட்ட வாளாக இருக்க முடியாது. பர்மாவிலோ மலாயாவிலோ சிங்கப்பூரிலோ தோற்றவர் கையிலிருந்து வாங்கப்பட்டு, பிறகு கப்பலேறி வந்ததாகவே இருக்கும். அந்த வாள்கள் கைமாறிய விதத்தைத் தீர்மானித்தவரோ இந்தத் தீவில் தலைமையகம் அமைத்திருந்தவர்.

பேராதனையிலிருந்து ஓர் ஆணை

தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்துதான் அதன் தலைமைத் தளபதி மவுன்ட்பேட்டன் பர்மாப் போரை வழிநடத்தினார். கடற்படைப் பலம் திருகோணமலையில் இருந்தது. 1945 மே மாதம் இங்கிருந்து புறப்பட்ட நாசகாரிக் கப்பல்கள் மலாக்கா நீரிணையில் ஜப்பானின் ‘ஹகுரோ’ போர்க்கப்பலை மூழ்கடித்தன.

ஜப்பான் சரணடைந்ததும் வாள்களை என்ன செய்வது என்பதில் நேச நாட்டுத் தளபதிகளிடையே கருத்து ஒத்துப்போகவில்லை. வாளைக் கையளிக்கும் சடங்கெல்லாம் பழங்காலத்துச் சங்கதி, அதை வற்புறுத்த வேண்டியதில்லை என்றார் ஜெனரல் மக்ஆதர். மவுன்ட்பேட்டன் இணங்கவில்லை. தமது ஆணைக்குட்பட்ட பகுதியில் ஜப்பானிய அதிகாரிகள், தம் ஆட்கள் கண்முன்னாலேயே, தம் கையாலேயே வாளை ஒப்படைக்க வேண்டும் என்றார். தோற்றோம் என்பது அவர்கள் மனத்தில் உறைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம்மும் அதே பிடியில் நின்றார். பர்மாவின் ஜப்பானியத் தளபதி கிமுராவின் வாள் தம் வீட்டுக் கணப்படுப்பின் மேல்தட்டில் இருப்பதைத் தமது போர் நினைவு நூலில் அவர் பதிந்திருக்கிறார்.

1945 செப்டம்பர் 2ஆம் தேதி பினாங்குக் கரையில் நின்ற ‘நெல்சன்’ போர்க்கப்பலில் ரியர் அட்மிரல் உவோசுமி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். முதல் உலகப் போரில் ஜப்பான் பிரித்தானியாவின் நட்பு நாடு. அப்போது பெற்ற பிரித்தானியப் பதக்கத்தின் நாடாவை அன்றும் அவர் மார்பில் அணிந்திருந்தார். அக்டோபரில் அந்தமானின் போர்ட் பிளேயரில் ஜப்பானியக் காவற்படை இந்தியப் படைப்பிரிவிடம் சரணடைந்தது. தென்பகுதிப் படைகளின் தலைவர் பீல்ட் மார்ஷல் தெராவுச்சி பக்கவாதத்தால் செப்டம்பர் 12 சிங்கப்பூர்ச் சரணடைவு நிகழ்வுக்கு வர முடியவில்லை. மவுன்ட்பேட்டன் விடவில்லை. நவம்பர் 30 அன்று சைகோனில் அவரிடமிருந்து நேரிலேயே வாள்களைப் பெற்றுக்கொண்டார். ஒன்றல்ல, இரண்டு. தெராவுச்சி அவற்றை ஜப்பானிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அவற்றில் குறுவாள் இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

பெருந்தலைகளின் வாள்கள் இப்படிப் பெயரோடு நிலைத்தன. சாதாரண லெப்டினன்டுகளின் வாள்கள் நினைவுப்பொருளாகப் பங்கிடப்பட்டன. மீந்தவை உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன. சிலவற்றில் மட்டும் உறையின் வளையத்தில் ஒரு சிறு மரச்சில்லோ துணித்துண்டோ கட்டியிருக்கும். ஒப்படைத்த அதிகாரியின் பெயர், பதவி, சில வேளை அந்த வாள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக இருந்தது என்பது வரை தூரிகையால் எழுதியிருக்கும். வாங்குகிறவர் இதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட சீட்டுகளும் உண்டு. இன்று சேகரிப்பாளர்கள் அந்தச் சீட்டுக்காக ஏங்குகிறார்கள். குப்பை என்று நினைத்து அவிழ்த்து எறிந்தவர்களோ ஏராளம்.

சாமுராய் வாளா?

ஜப்பானிய வாள் என்றதும் சாமுராய் வாள் என்று சொல்லிவிடுவது வழக்கம். போர்க்கால வாள்களில் பெரும்பாலானவற்றுக்கும் சாமுராய்க்கும் நேர் உறவு கிடையாது. 1876இல் படையினரும் காவல்துறையினரும் தவிர வேறு எவரும் வாள் தரிக்கக்கூடாது என்று ஜப்பானிய அரசே தடை போட்டது. அதன்பின் அந்நாட்டுப் படை அதிகாரிகள் இடுப்பில் கட்டியது, விரல்களைச் சுற்றி வளையும் கைக்காப்புடன் ஐரோப்பியச் சாயலில் அமைந்த வாள். 1930களில் தேசியவாத அலை எழுந்தபோதுதான் பழைய வடிவத்துக்குத் திரும்பினார்கள். 1934இல் வந்தது 94ஆம் வகை. 1935இல் கீழ்நிலை அதிகாரிகளுக்காக 95ஆம் வகை. 1937இல் கடற்படை வாள். 1938இல் 98ஆம் வகை.

இந்த எண்கள் ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள். கிறிஸ்து ஆண்டுடன் 660ஐக் கூட்டினால் அரச ஆண்டு வரும்: 1934 என்றால் 2594. 1940 என்றால் 2600, அதாவது பூச்சியம். திருகோணமலை வானத்தில் பறந்த ‘சீரோ’ விமானம் அந்தப் பெயரைப் பெற்றதும் இதே கணக்கால்தான்.

வாளைக் கையில் எடுத்ததும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, இது அரசாங்கம் கொடுத்ததா, அதிகாரி தன் காசில் வாங்கியதா என்பது. சார்ஜன்ட் தரத்தினருக்கு வாளை அரசு கொடுத்தது; படைக்கலச் சாலையில் இயந்திரத்தில் அடித்த வாள், துப்பாக்கி போலத் தொடர் எண் இட்ட வாள். லெப்டினன்ட் முதல் மேலே உள்ள அதிகாரிகள் சொந்தச் செலவில் வாங்கினார்கள். வசதி குறைந்தவர் ஆலையில் செய்ததை வாங்கினார். வசதியுள்ளவர் கொல்லரிடம் அடிக்கச் சொன்னார். பரம்பரை வாள் வீட்டில் உள்ளவர் அந்த அலகையே படைவிதிப்படி புதுப்பிடி, புதுஉறை போட்டு எடுத்துச் சென்றார். ஆகவே வெளியே பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி உள்ள இரண்டு 98ஆம் வகை வாள்களில், ஒன்றின் அலகு 1943இல் ஆலையில் செய்ததாக இருக்கும். மற்றதன் அலகுக்கு நானூறு வயது இருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து விலை பேசுகிறவர் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் இதனால்தான்.

வெளியே தெரிபவை

95ஆம் வகையை இனங்காண்பது எளிது. கைப்பிடியில் நாடா சுற்றியது போலத் தெரியும், தொட்டால் குளிரும். உலோகத்தில் நாடாவின் வடிவத்தை வார்த்து மேலே வண்ணம் பூசியது அது. ஆரம்பத்தில் செம்பு, பிறகு அலுமினியம். போரின் முடிவில் உலோகத் தட்டுப்பாடு முற்றியபோது குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய வெறும் மரம். அலகின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். கைக்காப்பை ஒட்டி அலகில் தொடர் எண் குத்தியிருக்கும்; அதே எண் உறையின் வாயிலும் இருந்தால் இரண்டும் பிறந்தது முதல் சோடி பிரியாதவை. பக்கத்திலேயே படைக்கலச் சாலையின் சிறு முத்திரைகள்.

அதிகாரிகளின் தரைப்படை வாளில் பித்தளைக் கைக்காப்பு, பிடித்தலைப்பு, உறைப்பட்டம் எங்கும் செரிப் பூக்கள். பிடியில் பழுப்பு நாடா குறுக்குமறுக்காகச் சுற்றி வரும். இடையிடையே தெரியும் வெள்ளைப் பரப்பு திருக்கை மீனின் தோல். திருக்கை என்றால் சாம்பல்தீவுக் கரையில் தெரியாதவர் இல்லை. அந்தத் தோலில் நெருக்கமாக மணிமணியாய் நிற்கும் முடிச்சுகள் கைக்கு வழுக்காத பிடிப்பைக் கொடுக்கும் என்பதற்காகவே நூற்றாண்டுகளாக வாள்பிடிக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு மணியும் அளவில் வேறுபடும். போலி வாளில் அதே இடத்தில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இருக்கும். மணிகள் எல்லாம் ஒரே பருமனில், ஒரே வரிசையில் நிற்கும். மீன் தோலைக் கையால் தடவிப் பழகிய ஒருவர் இந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

94ஆம் வகைக்கு இடுப்புப் பட்டியில் தொங்கவிட இரண்டு வளையங்கள், 98க்கு ஒன்று. கடற்படை வாளுக்கும் இரண்டு வளையங்கள்தான். ஆனால் உறை கருமையாக அரக்கு மெருகில் மின்னும், பிடியின் தோலும் கறுப்பாக இருக்கும். கடற்படை ஒரு படி மேலே போய், துருவேறாத எஃகிலும் அலகு செய்தது. கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று மாலுமிக்குச் சொல்லித்தர வேண்டுமா? அத்தகைய அலகுகளின் காம்பில், அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில், நங்கூர முத்திரை காணப்படும்.

பிடியில் தொங்கும் குஞ்சத்தின் நிறம் பதவியைச் சொல்லும். ஜெனரல்களுக்குப் பொன்னிழை சேர்ந்தது, மேஜர் முதல் கேர்ணல் வரை சிவப்பு, கப்டனுக்கும் லெப்டினன்டுக்கும் நீலம், சார்ஜன்டுக்குத் தோல். அழகான சான்றுதான், ஆனால் அவிழ்த்து மாற்ற ஒரு நிமிடம் போதும். விற்பனையாளர் குஞ்சத்தைக் காட்டி “ஜெனரலின் வாள்” என்று சொன்னால், வாங்குகிறவர் பேச்சை விட்டுப் பிடிக்குள்ளே பார்க்க வேண்டும்.

பிடிக்குள்ளே இருப்பது

அதிகாரி வாளின் பிடியில் ஒரு மூங்கில் ஆப்பு இருக்கும். அதைப் பக்குவமாகத் தட்டி வெளியே எடுத்துவிட்டால் பிடி, கைக்காப்பு, அதன் இரு பக்கமும் உள்ள மெல்லிய தகடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அந்தத் தகடுகளையும் காப்பையும் பொருத்தியபோது கலந்துவிடாமல் இருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தியிருப்பார்கள். எண் ஒத்துப்போனால் உறுப்புகள் மாறவில்லை. கடைசியில் மிஞ்சுவது அலகும் அதன் காம்பும்.

கவனமெல்லாம் இந்தக் காம்பின் மேல்தான் இருக்க வேண்டும். பளபளக்கும் அலகைப் பார்த்து மயங்கியவர்கள், கறுத்துத் துருவேறிய காம்பைக் கண்டதும் முகம் சுளித்து உப்புத்தாளை எடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு அந்த வாளுக்கு வேறில்லை. காம்பின் துருவை எந்தக் கொல்லரும் துடைப்பதில்லை. ஆண்டுகள் போகப் போகத்தான் அது நிறம் மாறும். புதுக் காம்பில் சாம்பல் நிறமும் செம்மையும் கலந்து கிடக்கும். நூற்றாண்டுகள் கண்ட காம்பில் கரும்பழுப்பு ஆழமாக, வழுவழுப்பாகப் படிந்திருக்கும். அனுபவமுள்ள கண் அந்த நிறத்திலிருந்தே வயதைக் கணிக்கிறது. தேய்த்து வெள்ளையாக்கிய காம்புக்கு வயது சொல்ல எவராலும் முடியாது.

துருவுக்கு அடியில் எழுத்துகள் இருக்கும். பெயர் வெட்டிய கொல்லர் உளியை வைத்து ஒவ்வொரு கோடாக அடித்திருப்பார். உளி இறங்கிய பக்கத்தில் உலோகம் பிதுங்கி, கோட்டின் ஓரத்தில் மெல்லிய வரப்பு எழுந்து நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழச் சாய்த்துப் பிடித்தால் அந்த வரப்பு நிழல் காட்டும். வழக்கமாக ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் தேதி. போர்க்காலத் தேதி பேரரசர் ஹிரோஹித்தோவின் ஷோவா ஆண்டில் இருக்கும். ஷோவா ஆண்டுடன் 1925ஐக் கூட்டினால் நமது ஆண்டு. ஷோவா 17ஆம் ஆண்டு, நான்காம் மாதம் என்று ஒரு காம்பில் வெட்டியிருந்தால், திருகோணமலையில் குண்டு விழுந்த அதே மாதம் ஜப்பானில் ஒரு பட்டறையில் அந்த வாள் முடிக்கப்பட்டது என்று பொருள்.

பெயருக்கு மேலே ஒரு சிறு முத்திரை இருந்தால் அதற்கும் மொழி உண்டு. செக்கி நகரத்தின் முத்திரையோ ஷோவா முத்திரையோ இருந்தால் பெரும்பாலும் ஆலை எஃகை எண்ணெயில் தோய்த்துச் செய்த அலகு. போர்க்களத்துக்குப் போதுமானது, மரபுவழி வாளோடு அதை ஒப்பிட முடியாது. நட்சத்திர முத்திரை என்றால் கதை வேறு. தரைப்படை ஒப்பந்தம் செய்த கொல்லர்கள், ஆற்றுமணலில் அரித்த இரும்புத்தூளை உருக்கி எடுத்த மரபு எஃகை மடித்து மடித்து அடித்து, நீரில் தோய்த்தவை அவை. டோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை இயங்கிய பட்டறையில் மட்டும் இம்முறையில் சுமார் 8,100 வாள்கள் பிறந்தன. தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனமும் தனது எஃகில் வாள் செய்தது. மஞ்சூரியக் குளிரில் முறியாத அலகு என்று அதற்குப் பெயர்.

மரபுவழி அலகா என்பதைக் காட்டும் இன்னொரு சாட்சி விளிம்பில் இருக்கிறது. கூர்ப்பக்கம் நெடுக வெண்மையாக ஒரு அலைக்கோடு ஓடும். தோய்க்கும் முன் அலகில் களிமண் பூசுவார்கள். கூர்ப்பக்கம் மெல்லிதாகவும் முதுகுப்பக்கம் தடிப்பாகவும். மெல்லிய பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும், தடித்த பக்கம் மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. உருப்பெருக்கியில் பார்த்தால் நீரில் தோய்த்த அலகின் எல்லையில் பனித்துளி போல ஒளிரும் சிறு மணிகள் தெரியும். எண்ணெயில் தோய்த்ததில் அவை தெரிவது அரிது. அமிலம் தேய்த்து வரைந்த போலிக்கோட்டில் ஒன்றுமே இருக்காது. தோலில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மேலோடு நிற்கும்.

எஃகுக் கதையில் ஜப்பானை மட்டும் வியந்து நிற்கத் தேவையில்லை. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ மலைச்சரிவில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எஃகு எடுத்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் கண்டறிந்து 1996இல் உலகுக்குச் சொன்னார். இங்கே அந்த அறிவு தொடர்பறுந்தது. ஜப்பானில் கொல்லர்கள் காம்பில் பெயரும் ஊரும் வெட்டி வைத்ததால் தலைமுறை தலைமுறையாகத் தொடர் தெரிகிறது.

போலிகள்

கடந்த சில பத்தாண்டுகளாகச் சந்தையில் குவியும் போலிகளில் பெரும்பகுதி சீனாவில் செய்தவை. 95ஆம் வகைக்குத்தான் அதிகம் போலி. எண் குத்திவிட்டால் அசல் போலத் தோன்றும் என்ற நம்பிக்கை. எண் பெரிதாக, கோணலாக இருக்கும். படைக்கலச் சாலை முத்திரைகள் இருக்காது, இருந்தாலும் மழுங்கியிருக்கும். செரிப் பூவின் இதழ்கள் மொழுக்கென்று கிடக்கும். காம்பில் அமிலத்தால் ஒரே நாளில் வரவழைத்த செந்துரு விரலில் ஒட்டும். பிடியும் உறையும் புத்தம் புதிதாக, அலகு மட்டும் படுகிழமாக இருந்தால் ஐயப்படுவதே சரி. அதிகாரி வாளைப் பிடி கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பணம் கொடுக்காமல் திரும்பி வருவது நல்லது.

குருதியை மறைக்க முடியாது

உலோகத்தையும் அழகையும் மட்டும் பேசும் சேகரிப்பாளர்கள் உண்டு. அது அரைகுறைப் பேச்சு. 1943 அக்டோபர் 24 அன்று நியூகினியின் அய்டபே கடற்கரையில் ஆஸ்திரேலிய சார்ஜன்ட் லெனர்ட் சிப்லீட்டின் தலையைத் துண்டிக்க ஓங்கிய வாளும் இத்தகைய படைவாள்தான். அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம், பின்னர் இறந்துகிடந்த ஜப்பானியச் சிப்பாய் ஒருவரிடமிருந்து கிடைத்து உலகெங்கும் அச்சானது.

தமிழருக்கு இது இன்னும் நெருக்கமான கணக்கு. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே உழைத்த ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. போர்க்கைதிகளுக்குப் பெயரெழுதிய கல்லறை கிடைத்தது. தோட்டத் தமிழருக்குப் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. வாந்திபேதியும் பசியும் மலேரியாவும்தான் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றன. அவற்றின் நடுவே மேற்பார்வைக்கு நின்ற அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இந்த வாள்.

மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ குடும்பங்களில் ‘யப்பான்காரன் காலம்’ என்று ஒரு பேச்சு இருந்தது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு; காவற்காரனைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும், மறந்தால் கன்னத்தில் அறை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் இப்போது வயதாகிறது. வாளைச் சேகரிக்கிறவர் அந்தச் சாட்சியங்களையும் சேர்த்து எழுதிவைத்தால்தான் சேகரிப்பு முழுமை பெறும். சுவரில் தொங்கவிட்ட வாளுக்குக் கீழே “சாமுராய் வீரம்” என்று மட்டும் எழுதுவது, ரயில்பாதையில் மாண்டவர்களை இரண்டாம் முறையும் பெயரில்லாமல் ஆக்குவது.

சட்டமும் பராமரிப்பும்

2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு இலங்கைப் பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். இந்த நாட்டில் வாள் வைத்திருப்பது வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கப்படும் காலம் இதுவல்ல. பழைய பெட்டியிலிருந்து வாள் கிளம்பினால் முதலில் பொலிஸாருக்குத் தெரிவித்து எழுத்தில் பதிவு வாங்குவதே பாதுகாப்பு. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களுக்குத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பேசுவதால், உள்ளே பழைய அலகு என்ற ஐயம் எழுந்தால் தொல்லியல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

லண்டனில் வாழும் தமிழர்கள் ஏலங்களில் இவற்றைப் பார்த்திருக்கக்கூடும். பிரித்தானியாவில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008இல் தடை வந்தது. 1954க்கு முன் செய்தவற்றுக்கும் மரபுமுறையில் கையால் அடித்தவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே அங்கே வாளின் வயதை நிறுவுவது பணத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் தேவை. ஜப்பானிலோ நிலைமை தலைகீழ். மரபுவழி அலகுகளை மட்டுமே அங்கே பதிவுசெய்யலாம். 95ஆம் வகை போன்ற இயந்திர வாளை அன்பளிப்பாகத் திருப்பி அனுப்ப நினைத்தாலும் பதிவு கிடைக்காது, பறிமுதலாகிவிடும்.

பராமரிப்பில் சாம்பல்தீவு போன்ற ஊருக்குத் தனிக் கவலை இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் தகரக்கூரையே அரித்துப்போகும் உப்பு ஈரம். அலகை வெறுங்கையால் தொட்டால் விரல்ரேகையே துருவாகப் பதியும். மென்மையான துணியால் பழைய எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவுவதே ஜப்பானிய வழக்கம். அவர்கள் அதற்குப் பயன்படுத்துவது கராம்பு மணம் ஏற்றிய எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம்; நாளாவட்டத்தில் சிக்குப்பிடித்து அழுக்கைச் சேர்க்கும். தோலுறைக்குள் நீண்ட காலம் போட்டுவைப்பதும் ஆகாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். சாணை பிடிக்கக் கொடுக்கவே கூடாது. வெட்டுக்கத்தி தீட்டும் சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் போதும், ஐந்நூறு ஆண்டு வேலை போய்விடும்.

அலகைத் துடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யார் கொண்டுவந்தார், எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்த ஆண்டில், எவர் கையிலிருந்து என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொல்லும்படியே எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டு, பழைய கடிதம், கப்பற்பயணப் பத்திரம், சீருடையில் எடுத்த படம் எது இருந்தாலும் வாளோடு சேர்த்தே வைக்க வேண்டும். இவை பிரிந்துவிட்டால் மீண்டும் சேர்ப்பது அரிது. அதற்கு ஜப்பானே உதாரணம்.

ஜப்பானின் மிகப் பெரும் வாட்கொல்லர் என்று போற்றப்படும் மசமுனேயின் கைவண்ணம் ‘ஹொன்ஜோ மசமுனே’. தொக்குகாவா ஆட்சியாளர்களின் குலச்சொத்தாக இருந்த அந்த வாளுக்கு 1939இல் தேசியப் பொக்கிஷ நிலை கிடைத்தது. போர் முடிந்து ஆக்கிரமிப்புப் படை ஆயுதங்களைக் கேட்டபோது, சட்டத்தை மதித்துத் தொக்குகாவா இயெமசா 1945 டிசம்பரில் அதையும் வேறு வாள்களையும் டோக்கியோவின் மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். அடுத்த ஜனவரியில் பொலிஸார் அவற்றை அமெரிக்க சார்ஜன்ட் ஒருவரிடம் கொடுத்தார்கள். வாங்கியவர் பெயரை ஒருவர் காதில் விழுந்தபடி ‘கோல்டி பைமோர்’ என்று குறித்துக்கொண்டார். அப்படி ஒரு பெயர் அமெரிக்கப் படைப்பதிவில் அகப்படவில்லை. வாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.